பூங்கா ரேடியோ மீது நான் எழுதிய மனுக்கள்

பூங்கா ரேடியோவைப் பற்றி நான் மூன்று மனுக்கள் எழுதினேன். மூன்றிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். தென்காசி ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பதின்மூன்று வருஷம் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்தவன். என் எழுத்தைப் படித்துவிட்டு, இவன் என்ன சொல்ல வருகிறான் என்று எந்த அதிகாரியும் முழித்தது கிடையாது. அத்தனை தெளிவாக எழுதினேன், அத்தனையும் தப்பாக எழுதினேன். சீக்குக் கதை சொல்லி அனுதாபம் வாங்குகிற ஆள் நான் இல்லை. எனக்குப் போட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் யாராவது இதைப் படித்து, டாக்டர் கேட்கிற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோ. வீட்டு மச்சில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே ஏரியல் கம்பி இழுத்து, பெட்டி சூடாகி வால்வு சிவக்கிறவரை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். பகலில் கொழும்பு, ராத்திரி எட்டு மணிக்குத் திருச்சிக் கச்சேரி. யார் பாடினார், யார் பிடில், எந்த ராகம், எங்கே சுருதி விலகியது என்று நோட்டுப் போட்டு எழுதி வைப்பேன். கச்சேரி நடக்கும்போது வீட்டில் ஒரு டம்ளர் உருளக்கூடாது. என் மனைவி கோமதி அந்த நேரத்தில் தாளிக்கமாட்டாள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நான் ஒரு தடவை கத்தினேன். அதிலிருந்து கச்சேரி முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறும். பசியோடு ராகம் கேட்டால்தான் நல்லது என்று வேறு அவளுக்கு வியாக்கியானம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கொழுப்பு!

நயா பைசா வந்த புதிது அது. சாரல் காலம். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது இருமல் வந்தது. துண்டில் சிவப்பு. வெற்றிலைக் காவி என்று நினைத்து உதறினேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான், அன்றைக்கு நான் வெற்றிலையே போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. சாயங்காலமானால் உடம்பு காய்வதும், சட்டைக் கழுத்து பெரிதாகிப் போனதும் அப்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து கணக்குக் கொடுத்தன.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காலைச் சளியைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடி யந்திரத்தில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் சின்னச் சிவப்புக் கோடு மாதிரி தெரியுமாம். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர்கள் நான் இருமும்போதெல்லாம் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்த நீளப் பெஞ்சு முழுவதும் எனக்கே ஆயிற்று. எக்ஸ்ரே எடுக்கத் திருநெல்வேலிக்குப் போகவேண்டியிருந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆலங்குளம் வழியாகப் பஸ்ஸில் வந்தோம். வழி நெடுக கோமதி அந்தக் காகித உறையைத் தொடவேயில்லை.

டாக்டர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கறுப்பு எல்லாம் காத்து. வெள்ளை எல்லாம் சீக்கு. வலது பக்கம் மேல பாருங்க, பஞ்சு மாதிரி இருக்குல்லா? அதுக்கு நடுவில ஒரு ஓட்டை. டி.பி. தான். படுத்துத்தான் ஆகணும்."

கோமதி கேட்டாள்: "பொழைச்சிருவாகளா?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப ஸ்ட்ரெப்டோமைசின்னு ஊசி இருக்கு. தினம் ஒண்ணு. கூட மாத்திரையும் உண்டு." என் பக்கம் திரும்பினார். "ஒரு விஷயம். இந்த ஊசி சில பேருக்குக் காது நரம்பைத் தொடும். காதில இரைச்சல் வந்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ அன்னைக்கே சொல்லணும், கேட்டோ. ஆரம்பத்திலே சொன்னா நிறுத்திக்கலாம், காதைக் காப்பாத்திரலாம்."

"என் காதைப் பத்திக் கவலையே வேண்டாம் சார்" என்றேன். "அரைச் சுருதி விலகினாலே நான் எழுந்து உட்காந்திருவேன்."

கோமதி என்னை முறைத்தாள்.

டி.பி. வார்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். பத்துக் கட்டில். உறவுக்காரர்கள் சன்னலுக்கு வெளியே நின்று, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நலம் விசாரித்தார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் வரவில்லை. கோமதி மட்டும் தினமும் பதினொரு மணிக்குத் தூக்குச்சட்டியோடு வந்து, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கஞ்சியும் பருப்புத் துவையலும். தூக்குச்சட்டி மூடிக்குள் ஒரு காகிதச் சுருள் இருக்கும். முக்குக் கடையில் பத்திரிகையைப் பார்த்து, அன்றைய ரேடியோ நிகழ்ச்சிகளைக் காப்பி எடுத்துக் கொண்டுவருவாள். அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். "பியாகடை" என்கிற ராகப் பெயரை ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் எழுதுவாள், நானும் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

நிகழ்ச்சிப் பட்டியல் எதற்கென்றால், வார்டுக்குப் பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பூங்கா. பூங்காவில் கம்பத்தின் மேல் ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலம் ஆறு மணிக்கு சுப்பையா என்கிற தினக்கூலிக்காரர் வந்து ரேடியோவைப் போடுவார், ஒன்பதரைக்கு நிறுத்துவார். முதல் நாள் சாயங்காலம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அந்தக் குழாயிலிருந்து நாகஸ்வரம் கிளம்பியது. சரி, இங்கன கிடந்து சாகமாட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெறும் பயம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. காலையில் எழுந்தால் முதல் வேலையாக எல்லோரும் கட்டில்களை எண்ணுவோம். மெத்தை சுருட்டி வைத்திருந்தால் அங்கே ஆள் இல்லை. யாரும் எங்கே என்று கேட்கமாட்டோம். பொடி மருந்தைத் தண்ணீரில் கலந்து, கம்பவுண்டர் இடுப்புக்குக் கீழே இன்றைக்கு வலது, நாளைக்கு இடது என்று ஊசி போடுவார். ஒரு மாசத்தில் குத்த இடமில்லாமல் போயிற்று. மாத்திரை வேறு. அதைத் தின்றால் கஞ்சி வந்த வழியே திரும்பிப் போகும். ஆனாலும் காய்ச்சல் இறங்கியது. சளியில் சிவப்பு நின்றது. ஊசி வேலை செய்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அந்த ஊசியைக் கும்பிட்டேன் என்றே சொல்லலாம்.

ஆறாவது வாரம் வாக்கில் பூங்கா ரேடியோவில் ஒரு விசில் ஏறியது.

ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் அந்த விசில் தெரியும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முள் நின்றுவிட்டால் பாட்டோடு சேர்ந்து கீச்சென்று ஊதும். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் போய்விடும். இந்த சுப்பையாவுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த கட்டிலில் அய்யாத்துரை என்று கீழப்பாவூர்க்காரர், வெள்ளாமைக்காரர். அவரிடம் சொன்னேன்.

"என்ன வே விசிலு? எனக்கு ஒரு எழவும் கேக்கலையே. நல்லாத்தானே பாடுதான்."

"உமக்கு வில்லுப்பாட்டுக் காது. இது தெரியாது."

"தெரியாட்டா போட்டும். சும்மா படுத்துக் கேளும்."

ரேடியோவை நிறுத்திய பிறகும் கீச்சொலி இருந்தது. அதற்கும் என்னிடம் காரணம் இருந்தது. வார்டு வாசலில் ஒரு பெரிய மருத மரம் உண்டு, சாரல் காலத்தில் அதில் சிள்வண்டு கத்தும். ஆக, ஆறு மணி முதல் ஒன்பதரை வரை சுப்பையாவின் கோளாறு, மற்ற நேரம் வண்டு. பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுகிற மாதிரி அத்தனை சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தேன். இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. படுத்தே கிடந்த பலவீனம் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

முதல் மனுவை எழுதிக் கோமதியிடம் கொடுத்து நகரசபைக்கு அனுப்பினேன். "மேற்படி பூங்காவில் ஸ்தாபிக்கப்பட்டுள்ள ரேடியோ சரியான இடத்தில் நிறுத்தப்படாமல், பொதுஜனங்களுக்கு மிகுந்த இடைஞ்சல்..." பத்து நாள் கழித்து இரண்டாவது மனு: பிடில் மேல்ஸ்தாயிக்குப் போனால் மறைந்துவிடுகிறது, ஜால்ரா அறவே இல்லை, குழாய்க்குள் தகடு கிழிந்திருக்க வேண்டும். சுப்பையா கம்பத்தில் ஏறிக் குழாயை இறக்கி மாற்றினார். எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது மனுவில் கோபம் தலைக்கேறிவிட்டது. மிருதங்கத்தில் இடது பக்கத்துத் தொப்பியின் கும்மென்ற சத்தம் மட்டும்தான் கேட்கிறது, வலந்தலையின் கணீர் ஒலி கேட்கவில்லை, சங்கீத ஞானம் சிறிதும் இல்லாத ஒருவரிடம் ரேடியோவை ஒப்படைத்திருப்பதே இதற்குக் காரணம், அவரை மாற்றவேண்டும் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது.

திங்கட்கிழமைதோறும் டாக்டர் வருவார். "காதில இரைச்சல் உண்டா?"

"இல்லை சார்."

ஒரு தடவை இதையும் சேர்த்துச் சொன்னேன்: "காதெல்லாம் நல்லா இருக்கு சார். அந்தப் பூங்கா ரேடியோதான் சரியில்லை." அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்குத்தான் எப்படித் தெரியும்? அவர் வருகிறது காலையில். ரேடியோ போடுகிறது சாயங்காலம்.

அந்த அடுத்த கட்டிலில் அய்யாத்துரை இருக்கும்வரை இருந்தார். ரொம்ப முற்றிய பிறகு வந்தவர். ஒருநாள் காலையில் கட்டில்களை எண்ணும்போது அவர் மெத்தை சுருட்டியிருந்தது. விசில் கேட்கவில்லை என்று சொன்ன ஒரே சாட்சி அவர். அவர் சொல்லை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது மனு போய் ஒரு வாரம். ஒருநாள் சாயங்காலம் கோமதியும் கூட இருந்தாள். சன்னலுக்கு வெளியே ஒரு ஆள் மூக்கில் துண்டோடு நின்றார். நாற்பது வயசிருக்கும். வேட்டியில் கம்பத்துத் துரு.

"அண்ணாச்சி, நான்தான் சுப்பையா. ரேடியோ போடுதவன்."

"சத்தமாச் சொல்லும்" என்றேன். அப்போதெல்லாம் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுவதாக எனக்கு எண்ணம்.

"ரெண்டு தடவை கொழாயை எறக்கி ஏத்திட்டேன் அண்ணாச்சி. புது ஒயர் போட்டுட்டேன். பூங்காவுல இருக்க அத்தனை பேருட்டயும் கேட்டுட்டேன், நல்லாத்தான் இருக்குங்காவ. தலைவரு, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்னுட்டாரு. மூணு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். என்ன தப்பு செய்யுதேன்னு நீங்களே சொல்லிக்குடுங்க, திருத்திக்கிடுதேன்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் என் பக்கம் என்றும் இருந்தது. "இதுல சொல்லிக்கொடுக்க என்னவே இருக்கு? காதை வச்சுக் கேட்டா உமக்கே தெரியும். இப்பக்கூட ஊதுதே."

"இப்பவா?"

"ஆமா. கீய்ய்னு. கேக்கலையா?"

அவர் கோமதியைப் பார்த்தார். கோமதி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, மணி அஞ்சுதான் ஆகுது. ரேடியோ இன்னும் போடவே இல்ல."

"அப்ப அது வண்டு" என்றேன். "மருத மரத்துல."

கோமதி எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்: "சாரல் முடிஞ்சு இருபது நாளாச்சு. வண்டு கத்தல."

டாக்டர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. அதற்கு நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபத்தில் எழுந்து நின்றார். "ஒவ்வொரு திங்கக்கிழமையும் கேட்டேனே! பச்சப்பிள்ளையா நீங்க?" பிறகு உட்கார்ந்து, மேஜையிலிருந்து இரண்டு இசைக்கவைகளை எடுத்தார். கவண் மாதிரி இரண்டாகப் பிரிந்த இரும்பு, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும். பெரியதைத் தட்டிக் காதருகே பிடித்தார். எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"ஒரு கட்டை" என்றேன். அந்த நேரத்திலும் சுருதியைச் சொல்லவேண்டும் எனக்கு.

அவர் சின்னதை எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"அடிங்க சார்."

அவர் கவையை என் காதருகே அப்படியே பிடித்திருந்தார்.

"அடிங்க."

"அடிச்சாச்சு" என்றார்.

குனிந்து பார்த்தேன். இரும்பின் இரண்டு நுனியும் நடுங்கிக்கொண்டிருந்தன. இடது காது, வலது காது, காதுக்குப் பின்னால் எலும்பு என்று மூன்று இடத்திலும் வைத்தார். ஒன்றுமில்லை. என் விசில் மட்டும் இருந்தது.

ஊசியை அன்றே நிறுத்தினார்கள். மாத்திரை மட்டும் தொடர்ந்தது. நுரையீரல் பாதிக்கு மேல் ஆறிவிட்டது, மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். காதைப் பற்றிக் கேட்டேன். "போனது வராது. இருக்கிறதாவது நிலைக்குதான்னு பாப்போம்." ஊசியை நிறுத்தின பிறகும் சில பேருக்கு நரம்பு கெட்டுக்கொண்டே போகுமாம். அந்தச் சில பேரில் நானும் ஒருவன்.

அன்று மத்தியானம் நாலாவது மனுவை எழுதினேன். "மேற்கண்ட மூன்று மனுக்களும் மனுதாரரின் பிழையால் எழுதப்பட்டவை. பூங்கா ரேடியோவில் யாதொரு குறையும் இல்லை. குறை மனுதாரரின் காதில். ஆகவே மேற்படி சுப்பையாவை அவர் வேலையிலேயே வைத்துக்கொள்ளும்படி, யாருடைய தூண்டுதலும் இன்றி முழுச் சம்மதத்துடன் எழுதிக்கொடுத்தது." அதிலும் எழுத்துப்பிழை இல்லை. கோமதி அதை எடுத்துக்கொண்டு, தூக்குச்சட்டியைக்கூட மறந்துவிட்டு ஓடினாள். சுப்பையாவின் வேலை தப்பியது.

டிஸ்சார்ஜ் ஆனதும், நல்ல காற்று வேண்டும் என்று குற்றாலத்தில் ஓர் அறை எடுத்து இரண்டு மாசம் இருந்தோம். அங்கேதான் மிச்சம் இருந்ததும் போனது. தினமும் காலையில் அருவி வரை நடப்பேன். தள்ளாடுவதால் கோமதி கையைப் பிடித்துக்கொள்வாள். முதலில் தூரத்திலிருந்தே இரைச்சல் கேட்டது. பிறகு கடைகளைத் தாண்டினால் கேட்டது. பிறகு படி இறங்கினால். ஒருநாள் சாரல் முகத்தில் அடிக்கிற தூரத்தில் நிற்கிறேன், அத்தனை தண்ணீரும் சத்தமில்லாமல் விழுகிறது. குளிக்கிறவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். நான் திரும்பிக் கோமதியைப் பார்த்தேன். அவளும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அழுதேன், சங்கீதத்துக்காக இல்லை. எத்தனையோ வித்வான்களின் குரலை என்னால் இன்றும் மனசுக்குள் எழுப்ப முடியும். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எங்கே கம்மும் என்று சொல்லுவேன். கோமதியின் குரலை எழுப்பிப் பார்த்தேன், வரவில்லை. பதினோரு வருஷம் கூட இருந்தவள். கச்சேரி நேரத்தில் பேசாதே என்று சொல்லியே ஓட்டியிருக்கிறேன். காதில் வாயை வைத்து "வண்டு கத்தல" என்று சொன்னாளே, அந்த ஒன்று மட்டும் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினோம். அவள் ஒரு சின்னச் சிலேட்டு வாங்கினாள். சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவாள். கோழி கிளறின எழுத்தைத் திருத்துவதை விட்டுவிட்டேன். ரேடியோப் பெட்டிக்குத் துணி போட்டு மூடியிருந்தாள். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஒருநாள் ராத்திரி எட்டேகால் இருக்கும், கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசனை வந்தது. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அந்த வாசனையை நான் அறிந்ததே இல்லை. அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள், தப்பு செய்துவிட்ட மாதிரி. "ஏட்டி, தாளி, தாளி" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது.

போன மாசம் கோமதிதான் சிலேட்டில் எழுதினாள்: பூங்காவுக்குப் போயிட்டு வருவோம். ஆறு மணிக்கு முன்னாலேயே போய்க் கம்பத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். ரேடியோ அறைக் கதவைத் திறந்த சுப்பையா என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் மேல் அவருக்கு ஒரு கசப்பும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுவே எனக்குத் தாங்கவில்லை. அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திருகினார். வாசலில் நின்றபடி என்னைப் பார்த்து, காதைத் தொட்டுக் கையை விரித்தார்: கேக்குதா?

இல்லை என்று எப்படிச் சொல்லுவேன்? உதட்டைப் பிதுக்கினேன், கொஞ்சம்தான் என்கிற மாதிரி. அவர் குமிழைக் கூட்டினார். மறுபடி கையை விரித்தார். அடுத்த பெஞ்சில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். சுப்பையா இன்னும் கூட்டினார். ஒரு பெண் தன் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். போதும், இனி அந்த மனுஷனை அலைக்கழிக்கக்கூடாது என்று பட்டது. தலையை ஆட்டினேன். கேக்குது, நல்லாக் கேக்குது. அவர் முழுசாக நம்பட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டேன். ஆதி தாளம், நல்ல நிதானமான விளம்பமாக. இரண்டு ஆவர்த்தனம் போட்டிருப்பேன்.

கோமதி என் கையின் மேல் கையை வைத்து அழுத்தினாள். கண்ணைத் திறந்தேன். மடியில் சிலேட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்.

நியூஸ்.

நிமிர்ந்து பார்த்தேன். சுப்பையா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குமிழை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டிருந்தார்.